குருதியில் தெரியுமா மறதியின் சுவடு?

உடலுள் மறைந்திருக்கும் பிணியைக் காட்டும் கண்ணாடி குருதி. நீரிழிவும் சோகையும் சில துளிகளில் புலப்பட்டுவிடுகின்றன. எனின், மூளையைப் பற்றும் அல்சைமர் என்னும் மறதிநோயையும் குருதி காட்டுமா? இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

1901-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில், 51 வயதுடைய அகஸ்தே டீட்டர் என்னும் பெண்மணியை அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் ஆய்ந்தார். தம் பெயரையும் முழுமையாக எழுத இயலாத நிலையில் அவ்வம்மையார் இருந்தார். 1906-இல் அவர் மறைந்தபின், அவருடைய மூளைத்திசுவை நுண்ணோக்கியில் நோக்கிய மருத்துவர், நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே இழைச்சிக்கல்களையும் கண்டார். படிவுகள் அமிலாய்டு புரதத்தாலும் சிக்கல்கள் டௌ புரதத்தாலும் ஆனவை எனப் பிற்கால ஆய்வுகள் தெளிவாக்கின.

இறந்தபின் அறிவதால் நோயாளிக்குப் பயனில்லை. முதுகுத்தண்டில் ஊசியிட்டு நீரெடுத்தலும், கதிரியக்கப் பொருள் செலுத்தி மூளையைப் படமெடுத்தலும் பின்னர் வந்தன. இவை எல்லார்க்கும் எளிதில் கிட்டுவன அல்ல. ஆதலின் அறிஞர் நோக்கு குருதியணுக்கள்மீது திரும்பியது.

காயத்தில் குருதியை உறையச் செய்பவை தட்டணுக்கள். அமிலாய்டு தோன்றுதற்கு மூலமான புரதம் நரம்பணுக்களில் மட்டுமன்றித் தட்டணுக்களிலும் மிகுதியாக உண்டு. அதனைத் துண்டிக்கும் நொதிகளும் அவற்றுள் உள. அம்மூலப்புரதத்தின் பெரிய வடிவத்திற்கும் சிறிய வடிவங்களுக்கும் இடையிலான விகிதம் அல்சைமர் நோயாளரிடம் குறைந்திருப்பதை 1990-களின் ஆய்வுகள் காட்டின. ஆயினும், தட்டணுக்கள் குருதியெடுக்கும்போதே எளிதில் கிளர்ச்சியுறும் இயல்பின. எனவே இம்முறை மருத்துவமனைகளில் வழக்கமான சோதனையாக நிலைபெறவில்லை.

அணுக்கள் திறந்த வழியில் குருதிநீர் முந்திக்கொண்டது. அதில் கலந்துள்ள டௌ 217 புரதத்தையும் அமிலாய்டையும் ஒப்பிட்டளக்கும் சோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இசைவளித்தது. அது நோய்க்குறி தென்பட்டவர்க்கே உரியது.

சோதனை முடிவு ஒன்றே தீர்ப்பாகாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவை மருத்துவத்தால் சீர்ப்படக்கூடியவை. நோயையும் அதன் முதலையும் தேர்ந்தபின்னரே தணிக்கும் வழியை நாடுக என்பதன்றோ வள்ளுவர் வகுத்த நெறி!

ஒரே வினாவைப் பலமுறை கேட்கும் முதியவரை நாம் பிடிவாதக்காரர் எனக் கடிந்துகொள்கிறோம். அது பிணியின் குரலாகவும் இருக்கலாம். முதுமையுற்ற பெற்றோரிடம் கனிவுடன் பேசுமாறு திருமறை பணிக்கிறது. அக்கனிவோடு அவரைக் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் நம் கடனேயாகும்.