ஒரே இருமல் மருந்து, ஆளுக்கு ஆள் வேறு வேகம்

வறட்டு இருமலுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் பல சிரப்புகளில் டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபன் என்ற மருந்து உள்ளது. மருந்தின் பெயரோடு ‘டிஎம்’ என்ற எழுத்துகள் இருந்தால் பெரும்பாலும் இதுதான். அமெரிக்காவில் 1958ல் அனுமதி பெற்ற இம்மருந்து வேலை செய்வது தொண்டையில் அல்ல, மூளையில். மூளைத்தண்டில் உள்ள இருமல் மையத்தை இது அடக்குகிறது.

கல்லீரல் செய்யும் மாற்றம்

குடித்த மருந்து அப்படியே உடலில் தங்குவதில்லை. கல்லீரலில் உள்ள சிஒய்பி2டி6 என்ற நொதி அதை டெக்ஸ்ட்ரோர்ஃபன் எனும் வேறொரு பொருளாக மாற்றுகிறது. மூளை நரம்பணுக்களுக்கு இடையே செய்தி செல்ல உதவும் என்எம்டிஏ ஏற்பிகளை இந்தப் புதிய பொருள் அடைக்கக்கூடியது. மயக்க மருந்தான கெட்டமினும் இதே ஏற்பிகளைத்தான் அடைக்கிறது.

சரியான அளவில் குடித்தால் கவலை இல்லை. டெக்ஸ்ட்ரோர்ஃபனின் பெரும்பகுதியை உடல் மேலும் மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அளவு பல மடங்கு மீறினால்தான் தள்ளாட்டம், குழப்பம், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவது போன்றவை ஏற்படும்.

எல்லாருக்கும் ஒரே வேகமல்ல

பெரும்பாலோருக்கு 2 முதல் 4 மணி நேரத்தில் இரத்தத்தில் இம்மருந்தின் அளவு பாதியாகக் குறைந்துவிடும். பிறவியிலேயே அந்த நொதி சரியாக வேலை செய்யாத சிலருக்கு அதற்கு ஒரு நாள்கூட ஆகலாம். அவர்கள் அடுத்தடுத்து குடிக்கும்போது மருந்து உடலில் சேர்ந்துகொண்டே போகும்.

வேறு மருந்துகளாலும் இந்நிலை வரலாம். மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃபுளுவோக்செட்டின், பரோக்செட்டின் ஆகியவை அந்த நொதியைத் தடுக்கின்றன. மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் செயலையும் அவை கூட்டுகின்றன. டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபனும் அதையே செய்வதால் நடுக்கம், அதிக வியர்வை, வேகமான நாடித்துடிப்பு, காய்ச்சல் ஆகியவை தோன்றலாம். இவை கடுமையானால் உயிருக்கே ஆபத்து. எம்ஏஓ தடுப்பான் வகை மருந்து எடுப்போர், அதை நிறுத்தி 14 நாள்கள் ஆகும்வரை இந்தச் சிரப்பைத் தொடக்கூடாது.

நொதியைத் தடுப்பதையே மருத்துவம் நன்மைக்கும் பயன்படுத்தியுள்ளது. நரம்பு நோய்களால் கட்டுப்பாடின்றி அழுகையோ சிரிப்போ வருவோருக்காக, நொதியைத் தடுக்கும் குவினிடினும் டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபனும் சேர்ந்த மாத்திரைக்கு அமெரிக்கா 2010ல் அனுமதி தந்தது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 120 மில்லிகிராமே உச்ச அளவு.

• சளி, காய்ச்சல் மாத்திரைகள் சிலவற்றிலும் இதே மருந்து இருக்கும். சிரப்போடு சேர்த்து எடுத்தால் அளவு இரட்டிப்பாகும். அட்டையில் உள்ள பெயர்களைப் படிக்க வேண்டும்.

• சமையலறைக் கரண்டி வேண்டாம். போத்தலுடன் வரும் அளவுக் குவளையே சரி.

• சிறு பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் தரக்கூடாது.

சிரப் வாங்கும்போது, தினமும் எடுக்கும் மருந்துகள் என்னென்ன என்பதை மருந்தாளரிடம் சொல்லிவிட வேண்டும். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பவர்களுக்கே இதில் ஆபத்து அதிகம்.