பால் ‘கோ’ வா!

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட். சாயங்காலம் ஆறு மணி. ராஜபாளையம் பஸ்ஸுக்காக நான் தேவுடு காத்துக்கிட்டு இருக்க, பக்கத்துல லேப்டாப்பை மடியில வெச்சிருந்த என் கிளாஸ்மேட் திடீர்னு ஒரு கேள்வி கேட்டா.

‘‘டேய், ‘பால்கோவா’ல எத்தனை எழுத்து?’’

‘‘பா... ல்... கோ... வா. நாலு. இதெல்லாம் ஒரு கேள்வியா?’’

‘‘இது இருபத்திநாலுங்குதுடா!’’

திரும்பிப் பார்த்தா, ஸ்க்ரீன்ல நெஜமாவே 24. நாலு எழுத்து எப்படி ஆறு மடங்கு ஆச்சு? பால் சுண்டினா குறையத்தானே செய்யும்!

அவ பேரைப் போட்டா கொன்னுடுவேன்னு மிரட்டியிருக்கிறதால, ஊர் பேர்லேர்ந்தே எடுத்து ‘வில்லி’ன்னு வெச்சுக்குவோம். (கேரக்டருக்கும் பொருந்தும்!) அவங்க வீட்டுல பால்கோவா கிண்டுறாங்க. விறகடுப்பு, பெரிய இரும்புச் சட்டி, கை ஓயாம கிண்டுற அவங்கப்பா. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின அதே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாதான். டப்பா மேல ஒட்டுற லேபிளுக்கு வில்லி ஒரு குட்டி புரோகிராம் எழுதினா. ஸ்டிக்கர்ல இடம் பத்தலைன்னா வார்த்தையை அளவா வெட்டணும். வெட்டினா, கடைசி எழுத்து இருக்க வேண்டிய இடத்துல கறுப்பா ஒரு கேள்விக்குறிக் கட்டம் வந்து உக்காந்துக்குச்சு. அதைத் துரத்திக்கிட்டுப் போனப்போ மாட்டினதுதான் இந்த 24.

அவ எழுதின மொழியோட பேர், ‘கோ’. தமிழ்ல கோ-ன்னா அரசன், பசு. கோலிவுட்ல 2011-ல வந்த ஜீவா படம். கம்ப்யூட்டர்ல, கூகுள் கம்பெனிக்குள்ள 2007-ல ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்ப்சன்னு மூணு பேர் உக்காந்து யோசிச்ச மொழி. 2009 நவம்பர்ல எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. 2012-ல முதல் முழுப் பதிப்பு.

இந்த மூணு பேர்ல கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் ஏற்கெனவே நமக்கு ஒரு உதவி பண்ணியிருக்காங்க. 1992-ல ஒரு ஹோட்டல்ல சாப்பிடும்போது, தட்டுக்கு அடியில விரிக்கிற பேப்பர்லயே கிறுக்கி ‘யூடிஎஃப் – 8’ முறையை உருவாக்கினவங்க இவங்கதான். உங்க மொபைல்ல தமிழ் தெரியுதே, அது பெரும்பாலும் இந்த முறையில சேமிச்ச தமிழ்தான். இதுல தமிழோட ஒவ்வொரு குறியும் மூணு பைட். ‘பால்கோவா’வைப் பிரிச்சா ப, கால், ல, புள்ளி, க, ஓகாரக் குறி, வ, கால்... மொத்தம் எட்டுக் குறி. எட்டு மூணு இருபத்திநாலு! குறி கணக்குல எட்டு, பைட் கணக்குல 24, நம்ம கண்ணுக்கு நாலு. கோ-ல அந்தக் குறிக்கு ‘ரூன்’னு பேர். வில்லி பைட் கணக்குல வெட்டினதால ஒரு குறி பாதியில அறுந்துபோச்சு. விஷயம் அவ்ளோதான்.

இன்னொரு கூத்து... கோ-ல வேரியபிளுக்குத் தமிழ்ல பேர் வைக்கலாம். ஆனா, புள்ளி, கால், கொம்பு இதையெல்லாம் அது எழுத்தா மதிக்காது. ‘பட’ன்னு வைக்கலாம். ‘பால்’னு வெச்சா எர்ரர். ஔவையாருக்கே அனுமதி இல்லைங்க!

சரி, சிலபஸ்ல சி, ஜாவா, பைத்தான்னு இருக்கிறப்போ, இந்தப் பொண்ணு எதுக்கு கோ பக்கம் போனா? அங்கதான் ஒரு சோகக் கதை.

மூணாம் வருஷம் ஆரம்பிச்சதுமே எல்லாருக்கும் வர்ற கேம்பஸ் ஜுரம் எங்களுக்கும் வந்துச்சு. பக்கத்து பெரிய ஊர்ல ஒரு டிரெயினிங் சென்டர். ‘கிளவுட், குபெர்னெட்டிஸ், நூறு சதவிகிதம் வேலை’ன்னு நோட்டீஸ். ஃபீஸ் நாப்பத்தஞ்சாயிரம். வில்லியோட அப்பா அட்வான்ஸா பத்தாயிரம் கட்டினார். அவங்க வீட்டுல பத்தாயிரம்னா எத்தனை நாள் சட்டி கிண்டணும்னு கணக்குப் போட்டுக்குங்க. அங்கே ஆறு வாரமும், சார் ஸ்க்ரீன்ல காட்டுற செட்டிங் ஃபைலைப் பார்த்து அப்படியே டைப் அடிக்கிறதுதான் கிளாஸ். ‘‘சார், இதை அடிச்சதும் உள்ள என்ன நடக்குது?’’ன்னு கேட்டிருக்கா. ‘‘அதெல்லாம் இன்டர்வியூல கேக்க மாட்டாங்கம்மா’’ன்னு பதில். மறுநாள்லேர்ந்து இவ போகலை. அட்வான்ஸ் திரும்பி வரலை.

‘‘உள்ள என்ன நடக்குதுன்னு நானே பார்க்கிறேன்’’னு தேடினப்போதான் தெரிஞ்சுது, குபெர்னெட்டிஸோட மொத்த கோடும் பூட்டு இல்லாம திறந்து கிடக்குது. பெரும்பாலும் கோ-ல எழுதினது. 2013-ல வந்த டாக்கர், எட்சிடி, புரோமிதியஸ், டெர்ராஃபார்ம்னு கிளவுட் ஆளுங்க தினமும் தொடுற சாமான்கள்ல பாதிக்கு மேல இதே மொழிதான். அந்த வீட்டுக்குள்ள போகணும்னா, கோ தெரியணும்.

குபெர்னெட்டிஸ்னா என்ன? சுலபமா சொல்றேன். ஒரு புரோகிராமை, அதுக்குத் தேவையான சகலத்தோடயும் ஒரே டப்பாவுல அடைச்சா அது கன்டெய்னர். பால்கோவா டப்பா மாதிரி, எந்த ஊர்ல திறந்தாலும் அதே ருசி. ஒரு டப்பான்னா கையில தூக்கிட்டுப் போயிடலாம். நூறு சர்வர்ல ஆயிரம் டப்பான்னா? யார் எங்கே ஓடுறாங்க, யார் படுத்துட்டாங்கன்னு பார்க்க ஒரு மேஸ்திரி வேணும். கூகுள் அதை 2014-ல வெளியிட்டுச்சு. 2015 ஜூலையில முதல் முழுப் பதிப்பு. கிரேக்கத்துல குபெர்னெட்டிஸ்னா கப்பல் ஓட்டுறவர். நமக்குத்தான் கடலே இல்லையே... ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரை நினைச்சுக்குங்க. வடம் பிடிக்க இத்தனை பேர் வேணும்னு ஒரு கணக்கு. ஒருத்தர் கை ஓய்ஞ்சு விலகினா, ஓரமா நிக்கிறவர் ஓடிவந்து பிடிச்சுக்குவார். தேர் சாய்ஞ்சு போனா, முட்டுக்கட்டை போடுறவர் திருப்புவார். குபெர்னெட்டிஸும் இதேதான். ‘எனக்கு மூணு வேணும்’னு எழுதிக் குடுத்தா, மூணு இருக்கான்னு ஓயாம எண்ணிக்கிட்டே இருக்கும். ரெண்டாயிட்டா ஒண்ணைக் கிளப்பும். நாலாயிட்டா ஒண்ணைத் தட்டும். இந்த எண்ணி எண்ணிச் சரிபண்ற வேலைக்கு ‘கன்ட்ரோலர்’னு பேர். சென்டர்ல ஆறு வாரத்துல சொல்லாதது இந்த ஒரு பாராதான்!

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ராஜபாளையம்னா மில்லு. பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936-ல ஆரம்பிச்ச ராஜபாளையம் மில்ஸ்லேர்ந்து வளர்ந்த குழுமம்தான், பின்னாடி சென்னையில ராம்கோ சிஸ்டம்ஸ்னு சாஃப்ட்வேர் கம்பெனியும் நடத்துது. ஆக, நூலுக்கும் சாஃப்ட்வேருக்கும் எங்க ஊர்ல பழைய சொந்தம். எங்கப்பா ஒரு மில்லுல ரிங் ஃபிரேம்ல சைடு பார்க்கிறார். ஒரு மெஷின்ல ஆயிரத்துக்கு மேல ஸ்பிண்டில் சுத்தும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள் நின்னா கட்டுப்படியாகுமா? ஒரே ஆள் நடந்துக்கிட்டே இருப்பார். எங்க நூல் அறுந்திருக்கோ அங்க ஒட்டிட்டு அடுத்ததுக்குப் போயிடுவார்.

கம்ப்யூட்டர்லயும் நூல்னுதான் பேர்... த்ரெட்! ஆனா, ஆபரேட்டிங் சிஸ்டம் குடுக்கிற த்ரெட் கனமானது. லினக்ஸ்ல ஒவ்வொண்ணுக்கும் சாதாரணமா 8 எம்.பி. வரைக்கும் இடம் ஒதுக்கி வைக்கும். கோ-ல இருக்கிற ‘கோரூட்டின்’ 2 கே.பி-லேயே பொறந்துடும். தேவைப்பட்டா வளரும். சில த்ரெட்டுகள், ஆயிரக்கணக்கான கோரூட்டின்களுக்கு நடுவுல சைடு பார்க்கும். ஒண்ணு நெட்வொர்க் பதிலுக்காகக் காத்திருந்தா, அடுத்ததுக்குப் போயிடும். ஒரே நேரத்துல ஆயிரம் டப்பாவைக் கவனிக்கிற மேஸ்திரிக்கு இந்த மொழி ஏன் தோதா இருக்குன்னு இப்போ புரியுதா?

அதுலயும் எல்லா கோரூட்டினும் ஒண்ணையொண்ணு எதிர்பார்த்து நின்னுட்டா, ‘எல்லா கோரூட்டினும் தூங்குது... டெட்லாக்!’னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு எர்ரர் வரும். அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். ‘‘நைட் ஷிஃப்ட்டா?’’ன்னார்.

மொழியும் சின்னது. பழைய சி-ல கீவேர்ட் 32, கோ-ல 25. இன்டர்நெட்ல ‘டூர் ஆஃப் கோ’ன்னு இலவசப் பாடம் இருக்கு. பிரவுஸர்லயே எழுதி ஓட்டலாம். எங்களுக்கு பத்து நாள் ஆச்சு. எரிச்சலும் உண்டு. ஒரு வேரியபிளை அறிவிச்சுட்டு உபயோகிக்கலைன்னா கம்பைல் ஆகாது. ‘எர்ரர் வந்ததா, வந்ததா’ன்னு நாலு வரிக்கு ஒருதடவை நாமளே கேட்டு எழுதணும். ஆரம்பத்துல செம கடுப்பு. ராத்திரி ஒரு மணிக்கு எங்க உடைஞ்சுதுன்னு தேடும்போதுதான் அருமை தெரியும். பழைய வீடியோவை நம்பிப் படிக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஃபார் லூப்புக்குள்ள கோரூட்டின் போட்டா எல்லாமே கடைசி நம்பரையே காட்டும்னு ஒரு பிரபல பொறி இருந்துச்சு. 2024-ல வந்த 1.22 பதிப்புல அதைச் சரிபண்ணிட்டாங்க. பழைய பாடத்துல இருக்கிற தந்திரத்தை இன்னமும் மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்காதீங்க.

லேப்டாப்? என்கிட்ட இருந்தது, அண்ணன் பிளஸ் டூ-வுல வாங்கின அரசு லேப்டாப். 4 ஜி.பி. ரேம். குபெர்னெட்டிஸைப் பழக ‘மினிகியூப்’னு ஒண்ணு இருக்கு. அதுக்கு 2 ஜி.பி. ரேம் சும்மா இருக்கணும், ரெண்டு சிபியூ, 20 ஜி.பி. டிஸ்க் வேணும். விண்டோஸ்ல போட்டேன். ஃபேன் விசிலடிச்சது, மவுஸ் நின்னுபோச்சு. அப்புறம் லைட்டான லினக்ஸ் ஒண்ணை ஏத்தி, ‘கே3எஸ்’னு 2019-ல வந்த மெலிஞ்ச குபெர்னெட்டிஸைப் போட்டேன். ஒரே ஒரு ஃபைல். மூச்சு வாங்கிக்கிட்டு ஓடுச்சு. ஓடிக்கிட்டிருந்த ஒண்ணை நானே கொன்னேன். ரெண்டே செகண்டுல இன்னொண்ணு எழுந்து நின்னுச்சு. ஹாஸ்டல் ரூம்ல நாங்க போட்ட சத்தத்துல வார்டனே வந்துட்டார்!

இந்த ரூட்ல போன நம்ம ஆளுங்க உண்டா? சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல படிச்சவர், ‘ஏ.பி.’ன்னு கூப்பிடுற ஆனந்த் பாபு பெரியசாமி. அவர் உருவாக்கின கிளஸ்டர் கம்பெனியை 2011-ல ரெட் ஹேட் 136 மில்லியன் டாலருக்கு வாங்குச்சு. 2014-ல கூட்டாளிகளோட அவர் ஆரம்பிச்ச மினியோ, கிளவுட்ல ஃபைல்களைச் சேமிக்கிற சாஃப்ட்வேர். எழுதினது கோ-ல. (2025-ல அதோட இலவசப் பதிப்புலேர்ந்து பல வசதிகளைத் தூக்கினதுக்கு பயனாளிகள் கொதிச்சுப்போனாங்க. திறந்த கோடுன்னா காலத்துக்கும் இலவசம்னு நெனச்சுடக் கூடாது.) பெங்களூரு ஜெரோதாவுலயும் கோ-வை நிறைய உபயோகிக்கிறாங்க. குபெர்னெட்டிஸ்ல ஓட்டிப் பார்த்துட்டு, எங்களுக்கு இவ்ளோ சிக்கல் வேணாம்னு ‘நோமாட்’டுக்கு மாறினாங்க. அந்த நோமாடும் கோ-ல எழுதினதுதான்!

இப்போ ஒரு கசப்பு மாத்திரை. ‘கோ தெரியுமா, வா வேலைக்கு’ன்னு கேம்பஸுக்கு யாரும் வர மாட்டாங்க. நாங்க பார்த்த வரைக்கும் கேட்டது ஆப்டிட்யூட், ஜாவா, டேட்டா ஸ்ட்ரக்சர்தான். கோ கேக்கிற விளம்பரங்கள்ல பெரும்பாலும் ரெண்டு வருஷ அனுபவம்னு ஒரு வரி இருக்கு. ஜாவாவை விட்டுட்டு இதுக்குத் தாவினா ரிஸ்க். கூடவே படிக்கிறதுதான் நல்லதுங்கிறது என் கட்சி. குபெர்னெட்டிஸ் சர்டிஃபிகேட் பரீட்சை ஒண்ணு இருக்கு. ரெண்டு மணி நேரம், முழுக்க செய்முறை, மனப்பாடம் செல்லாது. நல்ல பரீட்சைதான். ஆனா, நானூறு டாலருக்கு மேல ஃபீஸ். சம்பளம் வாங்கின பிறகு யோசிக்கலாம். வில்லியோட கனவு வேற... ‘‘மத்தளம்பாறையில 2011-லேர்ந்து ஸோஹோ ஆபீஸ் இருக்கே. தென்காசி வரைக்கும் வந்த சாஃப்ட்வேர், இன்னும் அறுபது கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்துக்கு வராதா?’’ங்கிறா. பார்ப்போம்.

போன மாசம் ஒருநாள் போன் பண்ணிக் கத்தினா. குபெர்னெட்டிஸ் கையேட்டுல ஒரு வாக்கியம் தப்பா இருந்ததைத் திருத்தி அனுப்பியிருக்கா. ஒப்பந்தப் படிவத்துல சம்மதம் சொல்லி, ரோபோ ஒண்ணு ஒட்டின லேபிள்களைத் தாண்டி, முகம் தெரியாத ஒருத்தர் ரெண்டு தடவை திருத்தச் சொல்லி, ஒன்பதாம் நாள் சேர்த்துக்கிட்டாங்க. ஒரே ஒரு வாக்கியம்தான்.

ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பாகிட்ட ஸ்க்ரீனைக் காட்டினா.

‘‘எவ்ளோ குடுத்தாங்க?’’

‘‘இதுக்குக் காசு கிடையாதுப்பா.’’

‘‘அப்ப அந்தப் பத்தாயிரம்?’’

வில்லி ஒண்ணும் பேசலை. உள்ள போய் பிரின்டரைப் போட்டா. ரூன் கணக்குல வெட்டினாலும் புள்ளி தனியா கழண்டுக்கும்கிறதால, கால், கொம்பு, புள்ளியை எல்லாம் முன்னாடி எழுத்தோட கட்டிப்போட்டு, அதுக்கப்புறம் வெட்டுற மாதிரி மாத்தியிருந்தா. ஸ்டிக்கர் வெளிய வந்துச்சு. பா-வும் ல்-லும் கோ-வும் வா-வும் கட்டம் இல்லாம, முழுசா.

அப்பா கையைத் துடைச்சுக்கிட்டு வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தார். டப்பா மேல வெச்சுப் பார்த்தார்.

‘‘எழுத்தை இன்னும் கொஞ்சம் பெருசா போடும்மா...’’