கட்டங்களும் அம்புக்குறிகளும்

நான் துறைத் தலைவராக இருந்தபோது, மாணவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்கள் ஆண்டுதோறும் தாமதமாயின. காரணம் கேட்டால், ஒவ்வொரு பிரிவும் அடுத்த பிரிவைக் கைகாட்டியது. கூட்டங்கள் நடந்தன, குறிப்பேடுகள் தடித்தன, விண்ணப்பங்கள் மட்டும் நகரவில்லை. ஏழை மாணவர் சிலர் கடன் வாங்கித் தேர்வுக் கட்டணம் செலுத்தினர்.

ஒருநாள் பழைய சுற்றறிக்கை ஒன்றின் பின்புறத்தைக் காட்டி, விண்ணப்பம் செல்லும் வழியை வரைந்து தருமாறு எழுத்தரிடம் கேட்டேன். "எனக்குப் படம் வராதே, ஐயா" என்றார். மேசைக்கு ஒரு கட்டம், தாள் நகர்வதற்கு ஓர் அம்புக்குறி, அவ்வளவே போதும் என்றேன். பத்து நிமிடங்களில் வரைந்துவிட்டார். ஒரே மேசைக்கு அத்தாள் மூன்று முறை போய்த் திரும்புவது அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டது.

பேச்சு ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வது. கடைசி வாக்கியம் வரும்போது முதல் வாக்கியம் மறந்துபோகும். படமோ எல்லாத் தொடர்புகளையும் ஒரே நேரத்தில் கண்முன் நிறுத்துகிறது. 'உரிய பரிசீலனைக்குப் பின்' என்ற சொற்றொடருக்கு நால்வர் தலையாட்டலாம். நால்வர் மனத்திலும் இருப்பது நான்கு வேறு நடைமுறைகள். வரையச் சொன்னால் வேறுபாடு வெளிப்பட்டுவிடும்.

பொருளியலுக்கு இது பழைய பாடம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர், 1786-இல் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்குகளைக் கோடுகளாக வரைந்து வெளியிட்டார். பக்கம் பக்கமான அட்டவணையில் ஒளிந்திருந்த வணிக உபரியும் பற்றாக்குறையும் இரு கோடுகளுக்கு இடைப்பட்ட வெளியாகத் தெரிந்தன. வியன்னாவில் 1925-இல் அருங்காட்சியகம் தொடங்கிய ஓட்டோ நியூராத் ஒரு நல்ல விதியை வகுத்தார்: எண்ணிக்கை கூடினால் உருவத்தைப் பெரிதாக்காதீர்கள், அதே அளவு உருவங்களைக் கூடுதலாக வரையுங்கள். உயரத்தையும் அகலத்தையும் இருமடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகிக் கண்ணை ஏமாற்றும் அல்லவா? இன்றைய விளம்பரப் படங்கள் பலவும் இப்பிழையைத் தெரிந்தே செய்கின்றன என்பது என் ஐயம்.

நம் நாட்டில் 1990-களில் பரவிய ஊரகப் பங்கேற்பு மதிப்பீட்டு முறையில், ஊர் மக்களே கோலமாவு, கூழாங்கல், குச்சி கொண்டு தங்கள் கிணறுகளையும் நிலங்களையும் தரையில் வரைந்தனர். தரையில் இருப்பதை யாரும் குனிந்து அழிக்கலாம். 'அந்தக் கிணறு இங்கே இல்லை' என்று மாற்றலாம். அச்சிட்ட வண்ணப் படத்தில் கைவைக்க எவருக்கும் துணிவு வராது. அலுவலகத்திலும் அப்படியே. கணினியில் மெருகேற்றிய படத்தைப் பார்ப்பவர் பாராட்டிவிட்டுப் போகிறார். பென்சில் கிறுக்கலைப் பார்ப்பவர் திருத்துகிறார்.

எளிமைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. ஆர்தர் லாஃபர் 1974-இல் உணவக மேசையில் கைத்துடைப்பில் வரைந்ததாகச் சொல்லப்படும் வளைகோடு, வரியைக் குறைத்தாலும் வருவாய் உயரக்கூடும் என்றது. வளைகோட்டின் உச்சி எந்த வரி விகிதத்தில் உள்ளது என்பதை அது சொல்லவில்லை. ஆயினும் 1981-ஆம் ஆண்டு அமெரிக்க வரிக்குறைப்புக்கு அது துணைநின்றது, பற்றாக்குறையோ பெருகியது. ஆகவே, எந்தப் படத்தைக் கண்டாலும் அளவுகள் எங்கே என்று மாணவர்களைக் கேட்கச் சொல்வேன்.

எழுத்தர் வரைந்த அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதில் இரண்டு அம்புக்குறிகள் வேறு மையால் அடிக்கப்பட்டுள்ளன. அடித்தவர், அந்த மூன்று முறை மேசைக்கு உரியவர்.