செம்புக்குள் குட்டிக் காந்தங்கள்

நம்மூர் வளவு வீடுகளில் செப்பு அண்டா நாளாக நாளாகக் கறுத்துப் போகுமே, அந்தக் கறுப்பில் காப்பர் ஆக்சைடு இருக்கிறது. சில காப்பர் ஆக்சைடு படிகங்களில் ஒவ்வொரு செம்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம்! பிரேயரில் நாம் நிற்கிற மாதிரி வரிசையாக நிற்கும். ஆனால் ஒருத்தி வடக்கே பார்த்தால் பக்கத்திலிருப்பவள் தெற்கே பார்ப்பாள். அதனால் வெளியே ஒரு குண்டூசிகூட ஒட்டாது.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? லேசர் ஒளியைப் பாய்ச்சுவார்கள். அது அடுத்தடுத்த இரண்டு காந்தங்களைத் திருப்பிவிட்டுச் சிதறி வரும். திருப்பச் செலவான ஆற்றல் ஒளியில் குறையும்; நிறம் சிவப்புப் பக்கம் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால், காந்தங்கள் எவ்வளவு இறுக்கமாகக் கை கோர்த்திருக்கின்றன என்று சொல்லிவிடலாம்.

இப்படி நிறம் மாறிச் சிதறுவதை 1928 பிப்ரவரி 28-ல் கல்கத்தாவில் கண்டவர் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன். கூடவே உழைத்தவர் பக்கத்து மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். இவர் பின்னாளில் படிகங்களின் காந்தத்தன்மையையே ஆராய்ந்தார். 1930 நோபல் பரிசு ராமனுக்கு மட்டும்தான். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

1986-ல் பெட்நார்ஸ், முல்லர் இருவரும் ஒரு காப்பர் ஆக்சைடு சேர்மத்தை நன்றாகக் குளிரவைத்தபோது, மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடியது. ஏன் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. குட்டிக் காந்தங்களைத்தான் பலர் சந்தேகப்படுகிறார்கள்.