முத் குவார்ட்சைட்டு: பாறைக்குப் பெயர் அமையும் முறை

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பகுதியில், பின் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில் முத் என்ற சிற்றூர் உள்ளது. 1864-ஆம் ஆண்டில் ஸ்பிதியை ஆராய்ந்த இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அறிஞர் பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, இவ்வூரின் பெயரையே அங்குள்ள பாறை வரிசைக்குச் சூட்டி, 1865-இல் வெளியிட்டார். முதலில் வெண்ணிறப் பாறையையும் அதன் கீழுள்ள சில அடுக்குகளையும் சேர்த்துக் குறித்த அப்பெயர், பிற்காலத்தில் வெண்ணிறப் பாறைக்கே உரியதாயிற்று.

குவார்ட்சைட்டு என்பது, குவார்ட்சு மணல் இறுகி உண்டான கடினப் பாறையாகும். சுத்தியால் உடைத்தால், மணல் துகள்களைச் சுற்றிப் பிளவாமல், அவற்றை ஊடறுத்துப் பிளக்கும். எஃகுக் கத்தி அதன்மேல் கீறல் உண்டாக்காது. முத் பாறை ஏறக்குறைய முழுவதும் குவார்ட்சினாலேயே ஆனது. கடற்கரையில் அலைகளால் மீண்டும் மீண்டும் அலசப்பட்ட மணலே அது.

இதன் காலத்தை அறுதியிடுவது எளிதன்று. ஏனெனில் இதில் சிப்பி முதலிய புதைபடிவங்கள் மிக அரியன. மேலும் கீழும் உள்ள அடுக்குகளைக் கொண்டே இது டெவோனியக் காலத்தது, அஃதாவது ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகட்கு முற்பட்டது எனக் கணிக்கப்பட்டுள்ளது. கணுக்காலிகள் ஈரமணலில் நடந்து சென்ற தடங்கள் இப்பாறையில் காணப்பட்டன. அவற்றைப் பற்றிய விரிவான ஆய்வு 2001-இல் வெளிவந்தது.

ஒரு பாறை வரிசைக்குப் பெயரிடுவோர், அது நன்கு வெளிப்பட்டிருக்கும் இடத்தின் பெயரைக் கொள்வர். அதன் கல்லின் இயல்பையும், மேல் கீழ் எல்லைகளையும் வரையறுப்பர். காலக்கணிப்பு மாறினும் பெயர் மாறுவதில்லை.

எனவே நிறத்தை மட்டும் நோக்கிப் பெயரிடுதல் தவறு. குமாவோன் மலைகளிலுள்ள பேரிநாக் குவார்ட்சைட்டும் வெண்மையானதே. ஆயினும் அதன் வயது ஏறத்தாழ 180 கோடி ஆண்டுகள். இவ்விரண்டையும் ஒன்றெனக் குறித்தால், நிலப்படத்தில் 140 கோடி ஆண்டு வேறுபாடு மறைந்துபோம். ஆற்றில் உருண்டு வந்த கல்லும் சான்றாகாது; அது எவ்வடுக்கிலிருந்து வந்தது என்பதை அது காட்டாது. களப்பணியாளர் பாறையை அதன் இடத்திலேயே கண்டு, அதன் மேலுள்ளதையும் கீழுள்ளதையும் குறித்துக்கொண்ட பின்னரே பெயரெழுதுதல் வேண்டும். ஆசிரியர்களும் மாணவர்க்கு இவ்வொழுங்கையே முதலில் கற்பித்தல் நலம்.