மூன்று சீட்டுகளும் படை மாற்றமும்

பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் ஆல்பெர் லமோரீஸ் வகுத்து 1957-இல் வெளியான பலகை விளையாட்டு, பின்னர் ‘ரிஸ்க்’ எனப் பெயர் பெற்றது. தம் முறையில் ஒரு நாட்டையேனும் கைப்பற்றியவர்க்கு ஒரு சீட்டு உரியதாகும். பொதுச் சீட்டு இரண்டு நீங்கலாக, ஏனையவை காலாள், குதிரை, பீரங்கி என மூவினப்படும். ஓரினத்தில் மூன்றோ, இனத்திற்கொன்றாக மூன்றோ கொடுத்துப் படை பெறலாம். வழக்கமான விதிப்படி முதல் மாற்றத்திற்கு 4, அடுத்து 6, பின் 8. எவர் மாற்றினும் மதிப்பு ஏறும்.

எனவே காத்திருத்தலே ஆதாயம் எனத் தோன்றும். ஆயினும் 5 சீட்டு சேர்ந்தவர் மாற்றியே ஆதல் வேண்டும். மூவினமும் இருப்பின் இனத்திற்கொன்று அமையும். ஓரினம் இல்லையேல், எஞ்சிய இரண்டில் ஒன்று மும்முறையேனும் வந்தே தீரும். கரும்பலகையில் இடத்தக்க கணக்கு இது. தோற்றவரின் சீட்டுகள் வென்றவரைச் சேருமாதலால், 4 சீட்டும் சிறு படையுமாகக் காத்திருப்பவர்மீது பிறர் கண் விழுவது இயல்பே.