காரின் அடியிலிருக்கும் சிறு உருளை

நிழலின் அருமை வெயிலிற் போனால்தான் தெரியும் என்பர் பெரியோர். மோட்டார் வண்டியின் உறுப்புகளுள் இவ்வுரைக்கு மிகவும் பொருத்தமானது ஒன்றுண்டு. நல்ல நிலையில் இருக்கும்வரை அதனை எவரும் நினைப்பதில்லை; பலர் அதன் பெயரைத்தானும் அறிவதில்லை. காரின் அடியில், புகைக்குழாயின் நடுவே, ஒரு சிறிய இரும்புருளை போலத் தொங்கும் அவ்வுறுப்புக்கு ரெசனேற்றர் என்று பெயர். அதனை மாற்றும் வேலையில் நாம் செய்த பிழையையும், அப்பிழையினாற் கற்ற பாடத்தையும் வாசகர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம்மிடமுள்ளது ஜப்பானிலிருந்து வந்த, நான்கு சிலிண்டர் கொண்ட பழைய சிறு கார். சென்ற ஆண்டு ஒருநாள், தகரப்பேணியிற் கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற ஓர் ஓசை அதன் அடியிலிருந்து எழத் தொடங்கிற்று. ஊரிலுள்ள ஒரு கராஜுக்குக் கொண்டு சென்றோம். குனிந்து பார்த்த மெக்கானிக், "சேர், ரெசனேற்றர் உள்ளுக்குள்ளை உக்கிப்போச்சு. அது தேவையில்லாத சாமான். வெட்டிப்போட்டு நேர்க்குழாய் ஒண்டை ஒட்டிவிட்டாற் காணும். காசும் மிச்சம், காரும் நல்லாய் இழுக்கும்" என்றார். காசு மிச்சம் என்ற சொல் எவர் காதுக்குத்தான் இனிக்காது? நாமும் தலையசைத்தோம். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது.

ஊருக்குள் மெதுவாக ஓடிய நாட்களில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. பாடசாலை விடுமுறையிற் குடும்பத்துடன் கொழும்புக்குப் புறப்பட்டபோதே வினை தொடங்கிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம். ஆனையிறவைக் கடந்து, வேகம் மணிக்கு 70 கிலோமீற்றரை எட்டியதும் காருக்குள் ஓர் உறுமல் எழுந்தது. குடத்துள் அகப்பட்ட வண்டின் இரைச்சல் போன்ற அவ்வோசை செவியில் மட்டுமன்றி நெஞ்சிலும் உணரப்பட்டது. வேகத்தைக் குறைத்தால் அது தணிந்தது. சற்றுக் கூட்டினாலும் தணிந்தது. 70இல் ஓடும்போது மாத்திரம் விடாது ஒலித்தது. நகர்ப்புறத்துக்கு வெளியே கார்களுக்குச் சட்டம் விதித்த எல்லையும் அதுவே. ஆதலின் வழி நெடுக அவ்வுறுமலே எமக்குத் துணையாயிற்று.

மாங்குளத்தை அண்மித்தபோது, பின் ஆசனத்தில் இருந்த எமது இளைய மகள், "அப்பா, தலையிடிக்குது" என்றாள். சிறிது நேரத்திற் குமட்டுகிறது என்றாள். பிரயாணக் களைப்பென்றே நாம் எண்ணினோம். அவளுடைய தாயார் தேசிக்காய் ஒன்றை முகரக் கொடுத்தார். வவுனியாவில் இறங்கிக் காற்றாட நின்றதும் பிள்ளை தெளிந்தாள். மீண்டும் ஏறிக் கண்ணாடிகளை மூடிச் சிறிது தூரம் சென்றதும் வாடினாள். அதன்பின் கண்ணாடிகளைத் திறந்துவிட்டபடியே கொழும்பை அடைந்தோம்.

மறுநாள் கொழும்பில் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் காரை உயரத்தில் ஏற்றிப் பார்த்தார். நேர்க்குழாய் ஒட்டப்பட்ட மூட்டின் மேற்புறத்தை விளக்கொளியிற் காட்டினார். கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எட்டாத அப்பக்கத்தில் வெல்டிங் முழுமையாகவில்லை. ஊசித்துளைகள் சில இருந்தன. அவற்றைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. அதற்கு நேர் மேலே, காரின் தரையில், றப்பர் மூடி ஒன்று கழன்ற துவாரமும் இருந்தது. பிள்ளையின் தலைவலிக்கு இரைச்சல் காரணமோ, புகை காரணமோ, இரண்டும் அந்த ஒரு வெட்டிலிருந்தே பிறந்தவை என்பதை அப்போது உணர்ந்தோம்.

குழாய்க்குள் நிகழ்வது யாது?

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை பல உறுப்புகளைக் கடந்தே வெளியே வருகின்றது. முதலில் வருவது, நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தனவாக மாற்றும் கற்றலிற்றிக் கொன்வேற்றர். அடுத்து வருவது ரெசனேற்றர். அதன்பின் பெரிய சைலன்சர், ஈற்றில் வாற்குழாய். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897ஆம் ஆண்டிலேயே எஞ்சின் ஓசையை அடக்கும் சைலன்சர் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். சைலன்சர் பலவகை ஓசைகளையும் பொதுவாக அடக்குவது. ரெசனேற்றரோ, குறித்த சில ஓசைகளைத் தெரிந்தெடுத்து அடக்குவது.

உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயிலும் மாணவர் பரிவுக்குழாய்ப் பரிசோதனையை அறிவர். செக்கனுக்கு 512 முறை அதிரும் இசைக்கவையைக் குழாயின் வாயிற் பிடித்து, உள்ளிருக்கும் நீரின் மட்டத்தை மெல்லத் தாழ்த்தினால், காற்று நிரல் ஏறக்குறைய 16, 17 சென்ரிமீற்றர் நீளமாகும்போது ஓசை திடீரெனப் பெருகி எழும். குழாயின் நீளமும் ஓசையின் அலைநீளமும் இணங்கும்போது நிகழும் இதனையே பரிவு என்கின்றோம்.

காரின் அடியிற் கிடப்பதும் ஒரு குழாயே. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்புகள் நிகழ்கின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு 2400 முறை சுழன்றால், செக்கனுக்கு 40 சுற்று. எனவே 80 வெடிப்பு. 300 பாகை செல்சியஸ் அளவு சூடான புகையில் ஒலியின் வேகம் செக்கனுக்குச் சுமார் 480 மீற்றர். அதனை 80ஆல் வகுத்தால் அலைநீளம் 6 மீற்றர். அதன் அரைப்பங்கு 3 மீற்றர். சிறிய காரொன்றின் புகைக்குழாயின் நீளமும் ஏறக்குறைய இத்தகையதே. குழாய் பாடத் தொடங்குவதில் வியப்பென்ன? அப்பாட்டுக்கு ஏற்பக் காரின் தரையும் கூரையும் அதிரும்போது உள்ளிருப்பவர் செவி துன்புறுகின்றது.

இதனைத் தடுக்கவே உருளையை இடையில் வைத்தனர். அதன் உள்ளே துளைகள் பல இடப்பட்ட குழாயொன்று நேராகச் செல்கின்றது. புகை அதன் வழியே தடையின்றிப் போய்விடும். ஒலியலையோ துளைகளினூடாகச் சுற்றியுள்ள அறைக்குட் புகுந்து, மோதித் திரும்பி வருகின்றது. அறையின் அளவு சரியாக அமைந்தால், திரும்பி வரும் அலையின் முடி, குழாயில் வரும் அலையின் தாழியைச் சந்திக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். சிலவற்றில் அறையினுட் கண்ணாடிப் பஞ்சை அடைத்து, ஒலியின் சக்தியை வெப்பமாக்கி அடக்குவர். இத்தகைய அறைகளின் பரிவை ஆராய்ந்து விளக்கியவர் ஜேர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ற்ஸ் (1821 - 1894). புகை நேரே செல்வதால், இவ்வுருளையை வெட்டி எறிவதனாற் காரின் இழுவை கூடும் என்பது பெரும்பாலும் வெறும் நம்பிக்கையே. ஆண்டுதோறும் மாணவர்க்குப் பரிவுக்குழாயைக் காட்டும் எமக்கே, எமது காரின் அடியிற் கிடப்பதும் அதே குழாய்தான் என்பது கராஜில் நின்றபோது தோன்றவில்லை. இதனை நாணத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

ஏன் உக்கிப்போகின்றது?

ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் உண்டாகின்றது என்றாற் பலர் நம்பமாட்டார்கள். குழாய் நன்கு சூடேறினால் அந்நீர் ஆவியாகவே வெளியேறிவிடும். பாடசாலைக்கும் சந்தைக்குமாக ஓரிரு கிலோமீற்றர் மாத்திரம் ஓடும் காரிற் குழாய் சூடேறுமுன் ஓட்டம் முடிந்துவிடும். நீர் உருளையினுள்ளே தேங்கி, புகையிலுள்ள அமிலத்துடன் சேர்ந்து உள்ளிருந்தே இரும்பை அரிக்கும். கடற்கரையோர ஊர்களில் உப்புக்காற்று வெளியிலிருந்தும் அரிக்கும். ஆதலாற் குறைவாக ஓடும் கார் நெடுங்காலம் உழைக்கும் என்ற எண்ணம் இவ்வுறுப்பைப் பொறுத்தமட்டிற் பொருந்தாது. கிழமைக்கு ஒருமுறையேனும் அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுவது நன்று. சைலன்சரின் அடியிற் சிறு துளையொன்று இருந்து நீர் சொட்டுமாயின் அஞ்சவேண்டா. சிலவற்றில் நீர் வடிவதற்கென்றே துளை விடப்பட்டுள்ளது.

தெரிவு செய்யும்போது

முதலாவதாக, பழுதானது எது என்பதை உறுதி செய்தல் வேண்டும். கார் நன்கு ஆறியபின், மரப்பிடியால் உருளையை மெல்லத் தட்டினால் உட்தகடு கழன்றிருப்பது ஓசையிலே தெரியும். சில வேளைகளில் உருளை நன்றாகவே இருக்கும். அதனைத் தாங்கும் றப்பர் வளையமோ, வெப்பத்தைத் தடுக்கும் தகடோ தளர்ந்து ஆடும்.

இரண்டாவதாக, ரெசனேற்றரையும் கற்றலிற்றிக் கொன்வேற்றரையும் மாறி எண்ணலாகாது. பின்னது எஞ்சினுக்கு அணித்தாக, வெப்பத்தடுப்புத் தகடும், மின்கம்பி பொருத்திய ஒட்சிசன் உணரியும் உடையதாக இருக்கும். அதனுள்ளே பிளாற்றினம், பலேடியம், உரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் உண்டு. அதனை வெட்டியெடுக்க எவர் கூறினும் இணங்கலாகாது. வெட்டினால் விலைமதிப்பான பொருளையும் இழப்போம், 2008ஆம் ஆண்டு தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையிலும் இடர்ப்படுவோம்.

மூன்றாவதாக, அளவு. குழாயின் உள்விட்டம், உருளையின் நீளம், அதன் பருமன் ஆகிய மூன்றும் பழையதை ஒத்திருத்தல் வேண்டும். அறையின் அளவு மாறினால் அது அடக்கும் ஓசையும் மாறிவிடும் என்பது மேலே கூறியவற்றால் விளங்கும். பெரிதாயிருந்தால் நல்லதென்று எண்ணுவது தவறு. எனவே வெட்டியெடுத்த பழைய உருளையை எறியாது, கையிற் கொண்டு சென்று ஒப்பிட்டு வாங்குவதே அறிவுடைமை.

நான்காவதாக, உலோகம். சாதாரண உருக்கு விலை மலிவு, விரைவில் உக்கும். அலுமினியம் பூசிய உருக்கு அதனினும் நெடுநாள் உழைக்கும். துருப்பிடியாத உருக்கு யாவற்றிலும் சிறந்தது. அதிலும் 304 என்ற இலக்கமுடையது 18 வீதமளவு குரோமியமும் 8 வீதமளவு நிக்கலும் கொண்டது. 409 என்பதிற் குரோமியம் 11 வீதமளவே உண்டு. காந்தம் ஒட்டினால் அது போலி என்று சிலர் முடிவு செய்வர். 409 காந்தத்தில் ஒட்டும், ஆயினும் போலியன்று. கொழும்பிற் பஞ்சிகாவத்தையில் வண்டிகளிலிருந்து கழற்றிய பழைய உறுப்புகளும் கிடைக்கும். அவற்றை வாங்குவோர் உருளையைக் கையிலெடுத்துக் குலுக்கிப் பார்த்தல் வேண்டும். உள்ளே சலசலத்தாலும், துருத்தூள் கொட்டினாலும், அதனை விட்டுவிடுதலே நன்று.

பொருத்தும்போது

இது வீட்டு முற்றத்திற் செய்யும் வேலையன்று. ஜக்கில் மாத்திரம் தூக்கிய காரின் கீழ் ஒருபோதும் நுழையலாகாது. வேலையை மெக்கானிக்கே செய்வாராயினும், உடையவர் அருகில் நின்று கவனிக்க வேண்டியவை சில உள.

மின்வெல்டிங் தொடங்குமுன் பற்றரியின் இணைப்பைக் கழற்றச் சொல்லுக. இன்றேல் எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டி பழுதாகலாம். பெற்றோல் தாங்கியும் அதன் குழாயும் தீப்பொறியிலிருந்து காக்கப்படல் வேண்டும். உருளையில் அம்புக்குறி இருந்தால், அது காரின் பின்புறத்தை நோக்கி இருக்கவேண்டும். ஒரு குழாயை மற்றதனுள் 4, 5 சென்ரிமீற்றர் செருகி, முதலில் ஓரிரு புள்ளிகளில் மாத்திரம் ஒட்டி, குழாய் தரையிலோ பிறேக் குழாயிலோ முட்டுகிறதா என்று பார்த்தபின்னரே முழு மூட்டையும் ஒட்டுதல் வேண்டும். மூட்டின் மேற்புறத்தையும் கண்ணாடித் துண்டொன்றைப் பிடித்துப் பார்த்தல் அவசியம். நாம் செய்யத் தவறியது இதுவே.

ஈற்றில் ஒரு சோதனை. எஞ்சினை இயக்கி, குழாய் சூடேறுமுன், மூட்டுகளிற் சவர்க்கார நீரைப் பூசினால், ஒழுக்குள்ள இடத்திற் குமிழிகள் எழும். பிறிதொருவர் வாற்குழாயின் வாயை ஈரத்துணியால் ஒருகணம் மறைத்தால் ஒழுக்கு இன்னும் தெளிவாகும்.

கண்ணுக்குத் தெரியாத பகை

இத்துணை எச்சரிக்கையும் ஏன் என்று கேட்கலாம். இரைச்சல் செவியைத் துன்புறுத்தித் தன்னை அறிவிக்கும் பகை. புகையிலுள்ள காபனோரொட்சைட்டோ அறிவியாது வரும் பகை. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலான நாட்டத்துடன் அதனைப் பற்றிக்கொள்கின்றது. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், உறக்கம் என்பன அதன் அறிகுறிகள். இவற்றைப் பிரயாணக் களைப்பென்று எண்ணி ஏமாறுதல் எளிது. உறங்குகின்ற பிள்ளை நல்லுறக்கங் கொள்கின்றது என்று பெற்றோர் மகிழ்ந்திருக்கவும் கூடும். காரில் இருக்கும்போது ஒருவருக்கு மேலானவர்க்குத் தலைவலி கண்டாலோ, இறங்கினால் தெளிந்து ஏறினால் வாடினாலோ, உடனே காரை நிறுத்தி யாவரும் வெளியேறல் வேண்டும், மருத்துவரைக் காணவேண்டும். மூடிய கொட்டிலினுள் எஞ்சினை ஓடவிடலாகாது. பின்கதவைத் திறந்துவைத்தபடி ஓட்டவும் ஆகாது.

எமக்கு நேர்க்குழாய் ஒட்டித்தந்தவர் வஞ்சகரல்லர். குறைந்த செலவில் வேலை முடியவேண்டும் என்று நாம் விரும்பினோம். அவர் அவ்வாறே முடித்தார். கேட்கவேண்டிய கேள்வியைக் கேளாதவர் நாமே. கொழும்பில் அளவறிந்து வாங்கிய உருளையைப் பொருத்தி, தரையின் துவாரத்தையும் அடைத்து, ஊர் திரும்பினோம். அதே வீதி, அதே 70 கிலோமீற்றர் வேகம், உறுமல் இல்லை. கண்ணாடிகளை மூடியிருந்தும் மகள் தலைவலி என்று சொல்லவில்லை. வவுனியா கடந்ததும் அவள் தாயின் மடியில் உறங்கிவிட்டாள். ஆனையிறவுவரை அவளை எழுப்பிப் பார்க்க வேண்டிய அச்சம் எமக்கு இருக்கவில்லை.